கட்டையச்சுப் பட்டும் இயற்கைச் சாயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் பொன்னம்மாப்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் பட்டுத் துணிக்கு மரக்கட்டையால் அச்சிட்டு இயற்கைச் சாயம் ஏற்றுகிறோம். வாங்க வருகிறவர்களும், வாங்காமல் விசாரித்துவிட்டுப் போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். விலையைப் பற்றிய கேள்விதான் எப்போதும் முதலில் வரும். அதை வேண்டுமென்றே நடுவில் தள்ளியிருக்கிறேன். அதற்கு முன்னால் உள்ளவற்றைப் படித்தால்தான் அந்தப் பதில் விளங்கும்.

இது சேலத்தின் பாரம்பரியக் கலையா?

இல்லை. அப்படிச் சொல்லி விற்கிறவர்களைக் கண்டால் அவர்கள் சொல்லும் மற்றவற்றையும் சந்தேகப்படுங்கள். சேலத்தின் பாரம்பரியம் நெசவு. அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை, குகை, தாரமங்கலம், ஜலகண்டாபுரம் என்று சுற்றிலும் தறி ஓசை கேட்ட ஊர்கள் இவை. சேலம் வெண்பட்டு வேட்டிக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆனால் கட்டையச்சு வேறு ஊர்களில் வளர்ந்த வேலை. ஆந்திரத்தில் மச்சிலிப்பட்டினத்தை ஒட்டிய பெடனா, ராஜஸ்தானத்தில் பக்ரூவும் சாங்கானேரும், குஜராத்தின் கட்ச் பகுதியில் அஜ்ரக் அச்சிடும் கத்ரி சமூகத்தார், வங்கத்தில் பட்டுக்கே பேர்போன செராம்பூர் ஆகியவைதான் அதன் ஊர்கள். நாங்கள் செய்வது அவர்களிடமிருந்து வந்த முறையை இங்கே நெய்த துணியில் பயன்படுத்துவது.

"கருப்பூர் துணி உங்கள் பக்கத்து ஊர்தானே?" என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. புகழ்பெற்ற கோடாலிக் கருப்பூர் அரியலூர் மாவட்டத்தில் உடையார்பாளையம் பக்கம் இருக்கிறது. தஞ்சை மராத்திய அரசவைக்காக அங்கே செய்த சேலைகள் பருத்தியும் ஜரிகையும் கலந்தவை. நம் பொறியியல் கல்லூரி இருக்கும் கருப்பூருக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

அப்படியானால் சேலத்தில் ஏன் இதைச் செய்கிறீர்கள்?

வெள்ளைப் பட்டு இங்கே கிடைக்கிறது. அச்சுக்கு வேண்டியது சாயம் ஏறாத, நெருக்கமாக நெய்த, ஜரிகை குறைந்த துணி. வெண்பட்டு நெய்து பழகிய கைகளுக்கு அது புதிய வேலை அல்ல. காஞ்சிபுரத்தில் நூலுக்குச் சாயம் போட்டுவிட்டுத்தான் தறியில் ஏற்றுவார்கள். எங்களுக்கு அது உதவாது.

நெய்து வந்த துணியில் நேராக அச்சிட்டுவிடலாமா?

முடியாது. பட்டுப்புழு நூற்கும் இழையில் இரண்டு புரதங்கள் இருக்கின்றன. உள்ளே இருப்பது ஃபைப்ராயின். அதைப் பூசியபடி மேலே இருக்கும் பசை செரிசின். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இந்தப் பசைதான். துணியை மிதமான சோப்புக் கரைசலில், தளதளவென்று கொதிக்கவிடாமல், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வைத்து வேகவைத்தால் பசை கரைந்து போகும். அதன் பிறகுதான் பட்டுக்குப் பளபளப்பும் மென்மையும் வரும், சாயமும் சீராக ஏறும். பசை திட்டுத் திட்டாக நின்றுவிட்ட துணியில் எவ்வளவு நேர்த்தியாக அச்சிட்டாலும் நிறம் மேடும் பள்ளமுமாகத் தெரியும்.

எடை குறைவதை விளக்கத்தான் எங்களுக்கு நேரம் போகும். ஒரு கிலோ கொடுத்தேனே, முக்கால் கிலோதான் திரும்பி வருகிறதே என்று நெசவாளர் கேட்க மாட்டார், அவருக்குத் தெரியும். துணி கொடுத்து அச்சிடச் சொல்லும் வாடிக்கையாளர்தான் கேட்பார்.

அச்சு எப்படி விழுகிறது? சாயத்தில் கட்டையைத் தோய்த்து அழுத்துவீர்களா?

பெரும்பாலும் இல்லை. பலர் ஆச்சரியப்படுவது இங்கேதான். நாங்கள் அச்சிடும்போது துணியில் நிறமே தெரியாத இடங்கள் உண்டு. ஏனென்றால் அச்சாகிறது சாயம் அல்ல, சாயத்தைப் பிடித்து வைக்கும் உப்பு.

இயற்கைச் சாயங்களில் பலவும் தாமாக இழையில் நிற்காது. இடையில் ஓர் உலோக உப்பு வேண்டும். பள்ளிப் பாடப்புத்தகம் அதை நிறமூன்றி என்கிறது. பட்டறையில் படிகாரம் கட்டுவது என்போம். படிகாரத்தைப் பிசினில் குழைத்து ஒரு கட்டையாலும், இரும்புக் கரைசலைப் பிசினில் குழைத்து இன்னொரு கட்டையாலும் அச்சிடுகிறோம். சில நாள் உலரவிட்டு, அலசி, முழுத் துணியையும் சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டிக் கொடியின் வேர் ஊறிய ஒரே பாத்திரத்தில் இறக்குகிறோம். படிகாரம் விழுந்த இடம் சிவக்கும். இரும்பு விழுந்த இடம் கருக்கும். இரண்டும் கலந்த இடம் பழுத்த நாவல் நிறத்துக்கும் பழுப்புக்கும் நடுவே எங்கேயோ போய் நிற்கும். ஒரே தண்ணீரிலிருந்து இத்தனை நிறங்கள் எழுவதைப் பார்க்க வேண்டுமென்றால், சாயத்தில் இறக்கும் நாளில் வாருங்கள். அச்சிடும் நாளில் வந்து ஏமாறாதீர்கள்.

பருத்தியில் இந்த முறை இன்னும் சுத்தமாக வரும். உப்பு படாத இடத்தை வெயிலிலும் தண்ணீரிலும் போட்டுப் போட்டு வெளுத்துவிடலாம். பட்டு புரத இழை. உப்பு இல்லாமலே கொஞ்சம் சாயத்தைக் குடித்துவிடும். அதனால் எங்கள் துணியில் அடிநிறம் பளீர் வெள்ளையாக இருக்காது. தந்த நிறமோ, இளஞ்சிவப்புச் சாயலோ இருக்கும். இயற்கைச் சாயப் பட்டு என்று சொல்லி, செக்கச் சிவந்த பூவுக்குப் பின்னால் பால் வெள்ளைத் தளம் காட்டினால் எப்படிச் செய்தீர்கள் என்று கேளுங்கள்.

நீலம் மட்டும் தனிக் குலம். அவுரி நீலத்துக்குப் படிகாரம் தேவையில்லை. அது தண்ணீரில் கரையாது. தொட்டியில் வெல்லமும் சுண்ணாம்பும் சேர்த்து ஆக்சிஜன் போகச் செய்தால் கரையும். துணியை முக்கி வெளியே எடுத்தால் முதலில் பச்சை, காற்றுப் படப் பட நீலம். நீலம் வேண்டாத இடத்தில் சுண்ணாம்பும் பிசினும் கலந்த கலவையை அச்சிட்டு மறைப்பார்கள். சுண்ணாம்பின் காரம் பருத்திக்கு ஒன்றும் செய்யாது, பட்டை அரிக்கும். ஆகவே பட்டுக்கு மென்மையான தொட்டி, குறைந்த நேரம், வெளியே எடுத்ததும் புளித்தண்ணீரில் ஓர் அலசல்.

கட்டைகளை எதில், எங்கே செய்கிறார்கள்?

நன்றாகக் காய்ந்த தேக்கில். குஜராத்தில் காந்திநகர் அருகே உள்ள பேதாபூர் இதற்குப் பெயர் பெற்ற ஊர், பெடனாவிலும் செதுக்குகிறார்கள். ஒரு பூவுக்கு மூன்று நிறம் என்றால் மூன்று கட்டை: கோட்டுக்கு ஒன்று, உள்ளே நிரப்ப ஒன்று, தளத்துக்கு ஒன்று. பெரிய கட்டைகளில் காற்று வெளியேறத் துளை இருக்கும். புதுக் கட்டையை எண்ணெயில் ஊறவைத்த பிறகே வேலைக்கு எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஈரம் பட்டு வெடிக்கும்.

பிசினுக்குப் பதில் ஜவ்வரிசிக் கஞ்சி போதாதா? சேலத்தில் அதற்கா பஞ்சம்?

பஞ்சமில்லை. ஆனால் மாவுக் கஞ்சி துணியில் விறைத்துக்கொள்ளும், அலசினாலும் எளிதில் போகாது. பட்டு அதைத் தாங்காது. கருவேலம் பிசினும் கொத்தவரை விதைக் கோந்தும் தண்ணீரில் சுலபமாக விட்டுப்போகும். ஜவ்வரிசியைப் பாயசத்துக்கு வைத்துக்கொள்வோம்.

சாயங்கள் எல்லாம் சேர்வராயன் மலையிலிருந்து வருகின்றனவா?

சில வருகின்றன. எல்லாம் மலையிலிருந்து என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், உண்மையாக இருக்காது.

மலையும் மலையடிவாரமும் தருவதில் முதலில் கடுக்காய். சேர்வராயன் மலையிலும் சுற்றியுள்ள குன்றுகளிலும் மலையாளிப் பழங்குடி மக்கள் சேகரிக்கும் சிறு வனப்பொருள்களில் அதுவும் ஒன்று. அதன் துவர்ப்புதான் எங்களுக்கு வேண்டியது. கடுக்காய் நீரில் ஊறிய பட்டில் இரும்புக் கரைசல் பட்டால் சாம்பல் முதல் கருமை வரை வரும். மஞ்சிட்டி ஒரு மலைக்கொடி. அதன் வேரிலும் தண்டிலும் சிவப்பு இருக்கிறது. ஆனால் காட்டில் வேரோடு பிடுங்கினால் கொடியே போய்விடும். அதனால் மூட்டையாக வியாபாரிகளிடம் வாங்குகிறோம். கபிலப்பொடி என்று ஒன்று உண்டு: ஒரு சிறு மரத்தின் காய்மேல் படிந்திருக்கும் செந்தூள். பருத்தியில் அது அவ்வளவாக எடுபடாது, பட்டில்தான் அதன் ஆரஞ்சு நிறம் எழும்பும். பட்டுக்கென்றே பிறந்த சாயம் என்று நான் நினைப்பது அதைத்தான்.

ஏற்காட்டுக்குப் போகும்போது காபித் தோட்டங்களில் நிழலுக்காக உயரமாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். மிளகுக் கொடி அதில்தான் ஏறியிருக்கும். அதன் இலையை வேகவைத்தால் படிகாரம் கட்டிய பட்டு பொன்மஞ்சள் ஆகும். கீழே உதிர்ந்து கிடப்பதற்கு இப்படி ஒரு பயன் இருப்பது பல தோட்டக்காரர்களுக்கே தெரியாது.

அவுரி சமவெளிப் பயிர். திண்டிவனம் பக்கம் விளைகிறது. மாதுளைத் தோல் பழச்சாறு கடைகளில் கேட்டால் கிடைக்கும். அரக்கு வடக்கே ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பகுதிகளிலிருந்து வருகிறது. படிகாரம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்குவது. சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டி எடுத்த காலம் உண்டு, படிகாரமும் அலுமினிய உப்புதான். ஆனாலும் மலைக்கும் எங்கள் படிகாரத்துக்கும் அதைவிட நெருங்கிய உறவைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

இரும்புக் கரைசல் மட்டும் பட்டறையிலேயே தயாராகிறது. துருப்பிடித்த ஆணி, லாடம், கழிவு இரும்பு ஆகியவற்றை வெல்லத் தண்ணீரில் இரண்டு மூன்று வாரம் மூடி வைப்போம். வாசனை பற்றி அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் நிறத்தை மாற்றும் என்கிறார்களே?

மாற்றும். சேலத்தின் வடபுறம் மாமாங்கம், கருப்பூர் பக்கத்துக் கரடுகள் மக்னீசியம் நிறைந்த மேக்னசைட் பாறை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடின நீர். அதில் சோப்பு நுரைக்காது, திரியும். பட்டின் பசையை நீக்கும்போது அந்தத் திரிவு துணியில் ஒட்டும். ஆகவே அந்த வேலைக்கு மழைநீரோ, மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீரோ வேண்டும். ஆனால் மஞ்சிட்டிக்குச் சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீர் பிடிக்கும், சிவப்பு ஆழமாகும். இரும்புள்ள தண்ணீர் மஞ்சளையெல்லாம் மங்கச் செய்யும். பட்டறையில் எந்தத் தொட்டிக்கு எந்தத் தண்ணீர் என்பதைப் புதிதாக வேலைக்கு வருபவருக்கு முதலில் சொல்லிக்கொடுப்போம், கட்டை பிடிப்பதைப் பிறகு.

இயற்கைச் சாயம் என்றால் மாசே இல்லையா?

திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் தோன்றிச் சேலம் நகருக்குள் ஓடுகிறது. சாயப்பட்டறைக் கழிவு கலந்து அது என்ன நிறத்தில் ஓடியது என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன்.

சாயம் செடியிலிருந்து வரலாம். அதைப் பிடிக்க வைக்கும் உப்பு எது என்பதைக் கேட்க வேண்டும். நிறம் பளிச்சென்று வர குரோமிய உப்பு, மயில்துத்தம் போன்றவற்றைப் போடுகிறவர்கள் உண்டு. குரோமியம் நஞ்சு. மயில்துத்தம் நீர்நிலையில் உள்ள உயிர்களுக்குக் கேடு. நாங்கள் படிகாரத்தையும் இரும்பையும் தவிர வேறெதையும் தொடுவதில்லை. அந்தக் கழிவுநீரும் துவர்ப்பும் உப்பும் கலந்ததுதான். தொட்டியில் சுண்ணாம்பு போட்டுத் தெளியவைத்துத்தான் விடவேண்டும். இன்னொன்று: வேரையும் தோலையும் வேகவைக்க விறகும் ஏராளமான தண்ணீரும் ஆகும். "இயற்கை" என்று அட்டையில் அச்சடித்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் மறைந்துவிடாது.

செயற்கைச் சாயம் எல்லாமே விஷம் என்பதும் சரியல்ல. புற்றுநோயூட்டும் அமீன் என்னும் வேதிப்பொருள்களை வெளிவிடும் அசோ வகைச் செயற்கைச் சாயங்களை இந்தியா 1997 இல் தடை செய்தது. தடைக்கு உட்படாத சாயத்தை முறையாகச் சுத்திகரித்து விடுகிற பட்டறை, மயில்துத்தத்தைச் சாக்கடையில் கொட்டும் "இயற்கை" பட்டறையைவிட மேலானது.

ஏன் இவ்வளவு விலை?

துணிக்கு நெசவுக் கூலி, பசை நீக்கியதில் போன எடை, கட்டைகள். சாயப்பொருளின் அளவையும் பாருங்கள்: செயற்கைச் சாயம் துணியின் எடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு போதும், மஞ்சிட்டி என்றால் துணியின் எடையில் பாதியிலிருந்து சம எடை வரை வேர் வேண்டும். முழு உடலும் அச்சான ஒரு சேலைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை கட்டையை வைத்து எடுக்க நேரிடும். இடையில் ஒரு தட்டல் தவறினாலும் பட்டில் அழிக்க வழியில்லை. நிறத்துக்கு நிறம் உலர வேண்டும், மழை பிடித்தால் காத்திருக்க வேண்டும்.

சேலம் பக்கத்து இளம்பிள்ளை ஊரில் இதே டிசைன் மிகக் குறைந்த விலையில் இருக்கிறதே?

இருக்கும். அங்கே செயற்கை இழையில் மலிவாகவும் அழகாகவும் சேலை தயாரிக்கிறார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. தினசரி உடுத்த அதை வாங்குங்கள். அதையே பட்டு என்றும் கட்டையச்சு என்றும் வேறு யாராவது சொல்லி விற்றால் அதுதான் தப்பு.

கையால் அச்சிட்டதா, இயந்திரமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே பூவைப் பத்து இடத்தில் பாருங்கள். கை அச்சில் ஓரிடத்தில் சாயம் கூடியிருக்கும், ஓரிடத்தில் கோடு மெலிந்திருக்கும், கட்டையும் கட்டையும் சேரும் இடத்தில் மயிரிழை விலகல் தெரியும். இயந்திர அச்சில் பிழை இருந்தாலும் அதே பிழை அதே இடைவெளியில் திரும்ப வரும். முந்தானை மூலைகளைப் பாருங்கள்: பூவேலையைத் திருப்பும் இடத்தில் கைக்காரர் ஏதாவது சமாளித்திருப்பார். வேண்டுமென்றே விலகலைச் சேர்த்து அடிக்கும் டிஜிட்டல் அச்சும் இப்போது வருகிறது என்பதால் ஓர் அடையாளத்தை மட்டும் நம்பாதீர்கள்.

இயற்கைச் சாயம்தானா என்று வீட்டில் சோதிக்கலாமா?

உறுதியாகச் சோதிக்க முடியாது. சமையல் மஞ்சளின் சாயம் சோப்பு பட்டால் சிவக்கும் என்பதுபோல ஒன்றிரண்டு குறிகள் உண்டு, அவ்வளவுதான். மணத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், மணத்தையும் பூசலாம். ஆய்வகத்துக்கும் சில நேரம் சிக்கல்தான். மஞ்சிட்டி வகைச் செடியின் சிவப்புப் பொருளான அலிசரினை 1868 இல் ஜெர்மனியில் ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். செயற்கை நீலம் 1897 இல் சந்தைக்கு வந்தது. அதன் மூலக்கூறும் அவுரி நீலத்தின் மூலக்கூறும் ஒன்றே. நம் நாட்டு அவுரி வியாபாரம் படுத்தது அதற்குப் பிறகுதான்.

ஆகவே விற்பவரைக் கேளுங்கள்: இந்தச் சிவப்பு எதிலிருந்து? எந்த உப்பு? எந்த வெப்பம்? செய்தவர் தயங்காமல் சொல்வார், சலிக்கும்வரை சொல்வார். வாங்கி விற்பவர் "எல்லாம் மூலிகைதான்" என்பார்.

சில்க் மார்க் இருந்தால் போதுமா?

அது மத்திய பட்டு வாரியம் 2004 இல் கொண்டுவந்த முத்திரை. துணி சுத்தப் பட்டு என்று மட்டும் சொல்லும். சாயத்தைப் பற்றியோ அச்சைப் பற்றியோ அது பேசாது. கைத்தறி முத்திரை நெசவைப் பற்றியது. இரண்டும் தேவை, இரண்டும் இந்தக் கேள்விக்குப் பதில் அல்ல.

நான் சைவம். இது உடுத்தலாமா?

பட்டே புழுவிலிருந்து வருவது. அதை நீங்கள் ஏற்றுக்கொண்டால் மேலே ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அரக்குச் சிவப்பும் பூச்சியிலிருந்து வருவதே. வேண்டாமென்றால் மஞ்சிட்டிச் சிவப்பைக் கேட்டு வாங்குங்கள்.

போனில் பார்த்த நிறமும் வந்த நிறமும் வேறாக இருக்கிறதே?

இருக்கும். சென்ற மாதச் சிவப்பும் இந்த மாதச் சிவப்பும்கூட வேறுதான். ஒரே நிறத்தில் கல்யாணத்துக்கு இருபது சேலை வேண்டுமென்றால் ஒரே பாத்திரத்தில் ஒரே நாளில் போடும்படி முன்கூட்டியே சொல்லுங்கள்.

நிறம் வெளுக்குமா? எப்படித் துவைப்பது?

சாயத்தைப் பொறுத்தது. அவுரி, மஞ்சிட்டி, அரக்கு ஆகியவை நன்றாகத் தாங்கும். மாதுளைத் தோல் பரவாயில்லை. சமையல் மஞ்சள் வெயிலில் போய்விடும். பதிமுக மரத்தின் சிவப்பும் அப்படியே. மஞ்சளை நாங்கள் தனியாகப் பயன்படுத்துவதில்லை.

கறுப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். இரும்பும் துவர்ப்பும் சேர்ந்த கறுப்பு, நாள்பட நாள்படப் பட்டு இழையையே நைந்துபோகச் செய்யும். பழைய துணிகளில் கறுப்புக் கோடு விழுந்த இடங்கள்தான் முதலில் உதிரும். அதனால் எங்களிடம் கறுப்பு மெல்லிய கோடாகத்தான் இருக்கும். முழுக் கறுப்புச் சேலை கேட்டால் வேறு இடம் பாருங்கள்.

துவைக்க பூந்திக்கொட்டை நீர், குளிர்ந்த தண்ணீர், கசக்காத கை. சோடா கலந்த சோப்புத்தூள் பட்டுக்கு ஆகாது. எலுமிச்சையும் வினிகரும் நிறத்தை மாற்றிவிடும், கறையெடுக்க அவற்றைத் தடவாதீர்கள். அவுரி நீலம் முதல் சில தடவை தோளிலும் ரவிக்கையிலும் லேசாக ஒட்டும். வெள்ளை உள்ளாடை வேண்டாம். நிழலில் உலர்த்துங்கள், பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், மடிப்பை அவ்வப்போது மாற்றுங்கள். வாசனைத் திரவியத்தை உடுத்துவதற்கு முன்பே அடித்துக்கொள்ளுங்கள்.

அக்கா, வீட்டில் நானே சிறிதாகச் செய்து பார்க்கலாமா?

தாராளமாக. பசை நீக்கிய வெள்ளைப் பட்டு 100 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். 15 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, மேலும் தண்ணீர் சேர்த்து, கை பொறுக்கும் சூடானதும் துணியை மூழ்கவிட்டு ஓர் இரவு வையுங்கள். ஆயுத பூஜைக்கு மறுநாள் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் செண்டுமல்லி சும்மா கிடைக்கும். 200 கிராம் இதழை எவர்சில்வர் பாத்திரத்தில் முக்கால் மணி நேரம் வேகவைத்து வடிகட்டுங்கள். அலுமினியம், இரும்புப் பாத்திரம் வேண்டாம், நிறம் கெடும். சாயநீர் ஆறியதும் துணியைப் போட்டு மெதுவாகச் சூடேற்றுங்கள். நுரை வருவதற்கு முன்பே தீயைக் குறைத்து ஒரு மணி நேரம் வைத்து, அந்த நீரிலேயே ஆறவிடுங்கள். அச்சுக் கட்டை இல்லாவிட்டால் வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் போதும். துருவும் வெல்லமும் ஊறிய நீரைப் பிசினில் குழைத்து அதில் தொட்டு வைத்தால், மஞ்சள் துணியில் பாசிப்பச்சைப் பூ விழும். ஒரு நாள் உலர்ந்த பிறகு அலசுங்கள். கை உறை போட்டுக்கொள்ளுங்கள், சாயம் போட்ட பாத்திரத்தில் மறுபடியும் சமைக்காதீர்கள்.